வரவு யாருக்கு, பற்று யாருக்கு?

(கள்ளக்குறிச்சியில் விவசாயிகளும் தொழிலாளர்களும் கூடிய அரசியல் வகுப்பில் தோழர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு. அச்சுக்காகச் சிறிது சுருக்கப்பட்டிருக்கிறது.)



"வர்த்தகப் பற்றாக்குறை, அன்னிய மூலதனம், நாட்டின் பொருளாதார நிலைமை" என்பது எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. தலைவர் அதைப் படித்தவுடனேயே பின் வரிசையில் இரண்டு பேர் கொட்டாவி விட்டதைப் பார்த்தேன். (சிரிப்பு) அவர்கள் மேல் குற்றமில்லை. டில்லியிலிருந்து பேசுகிறவர்களும் பட்டணத்துப் பத்திரிகைகளில் எழுதுகிறவர்களும் இந்த விஷயத்தை டாலர்க் கணக்கிலேயே பேசிப் பேசி, இது படித்தவர்கள் சமாசாரம், நமக்குச் சம்பந்தமில்லை என்று ஜனங்கள் நினைக்கும்படி செய்துவிட்டார்கள். டாலருக்கு நான் பிறகு வருகிறேன். முதலில் கல்வராயன்மலைக்குப் போய் வருவோம்.

கல்வராயன்மலையை ஒரு தனி நாடு என்று பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிமலைதான் தலைநகரம். இந்த நாட்டிலிருந்து கீழே இறங்கும் சரக்கு என்ன? குச்சிக்கிழங்கு, புளி, கடுக்காய், தேன், சாமை, தினை. மேலே ஏறும் சரக்கு என்ன? உப்பு, எண்ணெய், துணி, உரம், மருந்து, இரும்புச் சாமான், செல்போன், சிமெண்டு. வருஷக் கடைசியில் இரண்டையும் விலை போட்டுப் பார்த்தால், இறங்கியதைவிட ஏறியது அதிகமாக இருக்கும். இதற்குப் பெயர்தான் வர்த்தகப் பற்றாக்குறை. வேறு சூத்திரம் ஒன்றும் இதில் இல்லை.

சரி, அந்தக் குறையை மலைவாசிகள் எப்படி ஈடு கட்டுகிறார்கள்? ஆணும் பெண்ணும் கேரளத்து மிளகுத் தோட்டத்துக்கும் குடகுக் காப்பித் தோட்டத்துக்கும் கூலிக்குப் போகிறார்கள். அங்கிருந்து அனுப்பும் பணத்தில் கடைப் பற்று அடைகிறது. அதுவும் போதாதபோது வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிறார்கள். கரணை ஊன்றும்போதே அந்தக் கிழங்கு வியாபாரியுடையது ஆகிவிடுகிறது. பத்து மாதம் கழித்துப் பிடுங்கும்போது எடை போடுகிறவரும் அவர், விலை சொல்கிறவரும் அவர். கிழங்கில் மாவுச்சத்து எத்தனை "பாயிண்ட்" என்று ஆத்தூர் பக்கத்து ஆலையில் பார்த்துச் சொல்வதுதான் முடிவு. கிழங்கு போட்டவனுக்கு அந்த மீட்டரை எட்டிப் பார்க்கவும் முடியாது. அதற்கும் வழியில்லாதவன் ஆந்திரத்துக்குச் செம்மரம் வெட்டக் கூட்டிப் போகும் தரகனிடம் சிக்குகிறான். 2015 ஏப்ரல் 7-ந் தேதி சேஷாசலம் காட்டில் போலீஸ் துப்பாக்கிக்கு இருபது தமிழர்கள் பலியானார்களே, அவர்களில் பெரும்பாலோர் ஜவ்வாது மலை, சித்தேரி மலைக்காரர்கள். நம்முடைய மலையிலிருந்தும் அந்த வழியில் போனவர்கள் உண்டு.

இப்போது நாட்டுக் கணக்குக்கு வாருங்கள். அளவுதான் வேறு. கதை இதேதான்.

2024-25-ம் வருஷத்தில் இந்தியா வெளிநாடுகளுக்கு விற்ற சரக்கு சுமார் 43,700 கோடி டாலர். வாங்கிய சரக்கு சுமார் 72,000 கோடி டாலர். குறை 28,300 கோடி டாலர். இதில் சீனாவுடன் மட்டும் ஏறத்தாழ 9,900 கோடி டாலர் குறை. இந்தக் குறையை அடைத்தது எது? கம்ப்யூட்டர் கம்பெனிகளின் சேவை ஏற்றுமதி ஒரு பகுதி. மற்றொரு பெரும் பகுதி, வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கும் நம் ஜனங்கள் வீட்டுக்கு அனுப்பிய பணம். அந்த ஒரு வருஷத்தில் மட்டும் சுமார் 13,500 கோடி டாலர்! கட்டடத்தில் கம்பி கட்டுகிறவனும், வீட்டு வேலை செய்கிற பெண்ணும், லாரி ஓட்டுகிறவனும் அனுப்பிய பணம் இதில் எவ்வளவு இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சின்னசேலத்திலும் தியாகதுருகத்திலும் எந்தத் தெருவில் நுழைந்தாலும் அப்படி ஒரு வீடு இருக்கிறது. இவையெல்லாம் சேர்ந்த பிறகு நடப்புக் கணக்கில் நின்ற குறை சுமார் 2,300 கோடி டாலர். நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.6 சதவிகிதம். "பார்த்தீர்களா, நாடு ஆரோக்கியமாக இருக்கிறது" என்று சர்க்கார் தரப்பில் சொல்வது இந்தக் கடைசி எண்ணை வைத்துத்தான். எண் தப்பில்லை. ஆனால் அந்த எண்ணைச் சிறிதாக்கியது யாருடைய வியர்வை என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை.

உபரி இருந்தால் சுபிட்சமா?

இங்கே ஒரு தப்பெண்ணத்தை நீக்க வேண்டும். நம் தோழர்களிலேயே சிலர், "பற்றாக்குறை என்றால் நோய், உபரி என்றால் ஆரோக்கியம்" என்று நினைக்கிறார்கள். அது சரியல்ல.

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் இந்தியா வருஷா வருஷம் உபரி காட்டிய நாடு. வாங்கியதைவிட விற்றதுதான் அதிகம். இந்தத் தென்னாற்காடு ஜில்லாவையே எடுத்துக்கொள்ளுங்கள். போன நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் பிற்பகுதியில், நம்முடைய மல்லாக்கொட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சு தேசத்து மார்சேல்ஸ் நகரத்துக்குக் கப்பல் கப்பலாகப் போயிற்று. அங்கே அதை ஆட்டி எண்ணெயும் சோப்பும் செய்தார்கள். கொட்டை போட்ட குடியானவன் சுகமாக இருந்தானா? இல்லை. ஏன்? விற்றுக் கிடைத்த உபரி இங்கே தங்கவில்லை. இங்கிலாந்திலிருந்த அதிகாரிகளின் பென்ஷன், ரயில்வேக் கம்பெனிகளுக்கு உத்தரவாதம் செய்த வட்டி, பட்டாளச் செலவு என்று "உள்நாட்டுச் செலவு" என்ற பெயரில் லண்டனுக்குப் போயிற்று. உள்நாடு என்றால் அவர்களுடைய உள்நாடு! தாதாபாய் நவரோஜி தம் ஆயுள் முழுவதும் கணக்குப் போட்டுக் காட்டியது இதைத்தான். உலக நெருக்கடியில் 1930-க்குப் பிறகு மல்லாக்கொட்டை விலை சரிந்தபோது, குடியானவன் வீட்டுத் தாலிப் பொட்டும் காப்பும் கூடக் கப்பலேறிற்று. அந்தத் தங்க ஏற்றுமதியும் ஏட்டில் உபரியாகத்தான் எழுதப்பட்டது.

கல்வராயன்மலையிலும் இதே கதைதான். 1947-ல் நாடு விடுதலை அடைந்தது. மலையில் மூன்று ஜாகீர்தார்களின் ஆட்சி 1976 வரை நீடித்தது. வரி கட்டி, கூலியில்லா வேலை செய்து, வாங்குவதற்கு ஒன்றுமில்லாமல் வாழ்ந்த அந்த ஜனங்களின் கணக்கை அன்று யாராவது எழுதியிருந்தால், மலை பெரிய உபரி நாடாகத் தெரிந்திருக்கும்! ஏர் பிடித்தவன் இடுப்பில் கோவணம், ஏட்டில் உபரி.

மறு பக்கமும் பாருங்கள். உலகத்திலேயே பெரிய வர்த்தகப் பற்றாக்குறை உள்ள நாடு அமெரிக்கா. 2024-ல் சரக்குக் கணக்கில் மட்டும் 1,20,000 கோடி டாலருக்கு மேல் குறை. அவன் திவாலாகவில்லை. ஏன்? கடனை அடைக்க வேண்டிய டாலரை அவனே அச்சடிக்கிறான், உலகம் அதை வாங்கி வைத்துக்கொள்கிறது. அந்தச் சலுகை இலங்கைக்கு இல்லை. 2022 ஏப்ரல் 12-ந் தேதி இலங்கை சர்க்கார் "வெளிநாட்டுக் கடனை இப்போது கட்ட முடியாது" என்று கைவிரித்தபோது யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் மலையகத்திலும் ஜனங்கள் எரிவாயுவுக்கும் பெட்ரோலுக்கும் நாள் கணக்கில் வரிசையில் நின்றார்கள். தேயிலை பறிக்கும் நம் தமிழ்த் தொழிலாளி, நாட்டுக்கு டாலர் சம்பாதித்துக் கொடுத்தவளே, கோதுமை மாவுக்குத் திண்டாடினாள்.

நமக்கும் அந்த அனுபவம் உண்டு. 1966 ஜூன் 6-ந் தேதி ரூபாயின் மதிப்பை ஒரே இரவில் வெட்டினார்கள். 4 ரூபாய் 76 காசாக இருந்த டாலர் 7 ரூபாய் 50 காசு ஆயிற்று. 1991-ல் 20 டன் தங்கத்தை விற்றும் 47 டன் தங்கத்தை லண்டனுக்கும் ஜப்பானுக்கும் அடகு வைத்தும் தவணை கட்டினார்கள். 2025 டிசம்பரில் டாலர் 90 ரூபாயைத் தாண்டிற்று. அதனால் உர மூட்டைக்கும் டீசலுக்கும் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே குறை எவ்வளவு என்று கேட்பது பாதிக் கேள்விதான். எதை வாங்கினோம்? கடன் யாருடையது? எந்த நிபந்தனையில்? லாபம் எங்கே போகிறது? இந்தக் கேள்விகளைக் கேட்காமல் ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசுவது, நாடி பிடிக்காமல் மருந்து எழுதுவது போல.

மல்லாக்கொட்டையும் பாமாயிலும்

எதை வாங்கினோம் என்பதற்கு வருவோம். கச்சா எண்ணெய் நம் நாட்டில் போதிய அளவு இல்லை. தேவையில் 88 சதவிகிதம் வெளியிலிருந்துதான் வருகிறது. அதை வாங்குவதில் தப்பில்லை. யந்திரம் வாங்கினால், அது நாளைக்குச் சரக்கு உற்பத்தி செய்யும். 2024-25-ல் தங்கத்துக்கு மட்டும் 5,800 கோடி டாலர் கொடுத்தார்கள். அதைப் பற்றி நான் பேசினால் தாய்மார்கள் கோபித்துக்கொள்வார்கள். (சிரிப்பு) ஒன்று மட்டும் சொல்கிறேன். நம் வீட்டுத் தாய்மார்கள் ஒரு குன்றிமணி வாங்குவது பாங்கியையும் சீட்டுக் கம்பெனியையும் நம்ப முடியாததால். குறை அவர்கள் மேல் இல்லை.

ஆனால் சமையல் எண்ணெய்? மார்சேல்ஸுக்கு எண்ணெய் வித்து அனுப்பிய ஜில்லா இது. இன்று இதே ஜில்லாவில் ரேஷன் கடையில் 25 ரூபாய்க்கு வாங்குவது மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் விளைந்த பாமாயில். நாடு முழுவதும் வருஷத்துக்கு ஏறத்தாழ 160 லட்சம் டன் சமையல் எண்ணெய் இறக்குமதி ஆகிறது. ஒரு லட்சத்து முப்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் இதற்குப் போகிறது. நம் தேவையில் பாதிக்கு மேல்.

இது தலைவிதியா? இல்லை. 1986-ல் எண்ணெய் வித்து உற்பத்திக்கு ஒரு தேசியத் திட்டம் கொண்டுவந்தார்கள். விதை கொடுத்தார்கள், விலை கொடுத்தார்கள், இறக்குமதியைக் கட்டுக்குள் வைத்தார்கள். ஏழெட்டு வருஷத்திலேயே நாடு கிட்டத்தட்டத் தன் தேவையைத் தானே பூர்த்தி செய்துகொள்ளும் நிலைக்கு வந்தது. அதன் பிறகு, 1994-லிருந்து, இறக்குமதியைத் தனியாருக்குத் திறந்துவிட்டார்கள். வரியைப் படிப்படியாகக் குறைத்தார்கள். மானாவாரியில் கொட்டை போட்ட சங்கராபுரத்து விவசாயியும் திருக்கோவிலூர் விவசாயியும், யாரோடு போட்டி போடுகிறோம் என்று தெரியாமலே தோற்றுப்போனார்கள். ஊர்ச் செக்கு நின்றது. புண்ணாக்கு விலை ஏறிற்று. புண்ணாக்கு ஏறினால் மாடு வளர்ப்பவனுக்குப் பால் கட்டுபடியாகாது. ஒரு இறக்குமதிச் சீட்டு எங்கெங்கே கை வைக்கிறது பாருங்கள்.

2024 செப்டம்பரில் விவசாயிகளின் கூக்குரலுக்குப் பிறகு கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கு 20 சதவிகித வரி போட்டார்கள். எட்டு மாதம் கழித்து, 2025 மே 30-ந் தேதி, அதைப் பாதியாக்கினார்கள். பருத்திக்கு நடந்தது இன்னும் மோசம். அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் 2025 ஆகஸ்டில் நம் சரக்குக்கு 50 சதவிகிதச் சுங்கம் விதித்தார். திருப்பூர்ப் பனியன் தேங்கிற்று. அந்த மாதமே நம் சர்க்கார் செய்தது என்ன? அன்னியப் பருத்திக்கு இருந்த 11 சதவிகித இறக்குமதி வரியை டிசம்பர் 31 வரைக்கும் அடியோடு எடுத்துவிட்டது. அடித்தவன் அவன், அடிபட்டவனிடமிருந்து இன்னும் ஒரு பங்கு பிடுங்கியது நம்மவர்! கள்ளக்குறிச்சி விற்பனைக் கூடத்துக்கு மூட்டை கொண்டுவருகிறவனிடம் யாரும் யோசனை கேட்கவில்லை. மில்காரருக்கும் நெருக்கடி இருந்தது, பனியன் தொழிலாளிக்கு வேலை போகும் ஆபத்து இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. அதற்கு நிவாரணம் கஜானாவிலிருந்து கொடுத்திருக்க வேண்டும். பருத்திக்காரன் மடியிலிருந்து எடுத்தது ஏன்?

அன்னிய மூலதனம் எல்லாம் ஒன்றா?

அன்னிய மூலதனம் என்றாலே நாம் எதிர்ப்போம் என்று ஒரு பிரசாரம் நடக்கிறது. நம் ஜில்லா எல்லையை ஒட்டி நெய்வேலி இருக்கிறது. அங்கே முதல் அனல் மின் நிலையம் சோவியத் நாட்டுக் கடனிலும் யந்திரத்திலும் எழுந்தது. 600 மெகாவாட். 1962-ல் முதல் யந்திரம் ஓட ஆரம்பித்தது, 2020-ல் ஆயுள் முடிந்து நிறுத்தினார்கள். அந்தக் கடனுக்கு வட்டி இரண்டரை சதவிகிதம். பன்னிரண்டு வருஷத் தவணை. டாலராகக் கேட்கவில்லை, ரூபாயாக வாங்கிக்கொண்டார்கள். அந்த ரூபாய்க்கு நம்முடைய தேயிலை, சணல், தோல், பாதரட்சை என்று சரக்கே எடுத்துப் போனார்கள். கடைசியில் நிலையம் யாருக்குச் சொந்தம்? நமக்கு. சோவியத் யூனியன் 1991-ல் இல்லாமல் போய்விட்டது. ஆனால் அந்த மின்சாரத்தில் தென்னாற்காட்டுப் பம்புசெட்டுகள் அதற்குப் பின்னும் சுமார் முப்பது வருஷம் ஓடின. நெய்வேலியில் நிலம் கொடுத்த குடும்பங்களுக்கு நியாயம் கிடைக்கவில்லை என்பதையும் நான் மறைக்கவில்லை. அது நம் சர்க்கார் செய்த அநீதி. அதற்கும் போராடித்தான் வருகிறோம்.

இப்போது வரும் மூலதனம் எப்படி? 2025 மே மாதம் ரிசர்வ் பாங்கி வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். 2024-25-ல் நேரடி அன்னிய முதலீடாக நாட்டுக்குள் வந்தது 8,104 கோடி டாலர். பத்திரிகைகளில் கொட்டை எழுத்தில் வந்தது இந்த எண். அதே வருஷம், முன்பு போட்டதை விற்றும் திருப்பியும் அன்னிய முதலாளிகள் வெளியே எடுத்துக்கொண்டு போனது 5,149 கோடி. நம் நாட்டு முதலாளிகள் இங்கே போடாமல் வெளிநாட்டில் கொண்டுபோய்ப் போட்டது 2,920 கோடி. கழித்துப் பாருங்கள். மிஞ்சியது 35 கோடி! ஒரு கை ஊற்ற, இரண்டு கை இறைக்கிறது. லாபம், வட்டி, ராயல்டி என்று போகிறதே, அது இதில் சேராத தனிக் கணக்கு.

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஹூண்டாய் மோட்டார் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். 1996-ல் வந்தது. நிலம், சலுகை, மின்சாரம் எல்லாம் கொடுத்தோம். ஆலை எழுந்தது, ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கிடைத்தது, சுற்றிலும் உதிரிப் பாகத் தொழிற்சாலைகள் வந்தன. இதை ஒப்புக்கொள்கிறேன். 2024 அக்டோபரில் அந்தக் கம்பெனி இந்தியப் பங்குச் சந்தையில் 27,870 கோடி ரூபாய் திரட்டியது. அதுவரை இந்த நாட்டில் நடந்ததிலேயே பெரிய பங்கு வெளியீடு. அதில் ஒரு ரூபாயாவது ஸ்ரீபெரும்புதூரில் புதிய யந்திரம் வாங்கப் போயிற்றா? இல்லை. அத்தனையும் தென் கொரியத் தாய்க் கம்பெனி தன் பங்கை விற்றுக் கிடைத்த பணம், அதனால் அத்தனையும் அவர்களுக்கே. சட்ட விரோதம் ஒன்றுமில்லை. சட்டமே அப்படி இருக்கிறது. முதலீடு என்ற பெயரில் வந்தது, இங்கே விளைந்த பயிரை இங்குள்ளவனிடமே விற்றுவிட்டு, பணத்தைக் கொரியாவுக்குக் கொண்டுபோயிற்று.

நோக்கியா கதை அதைவிடச் சுருக்கம். 2006-ல் வந்தார்கள், கோடிக்கணக்கில் செல்போன் செய்தார்கள், வரித் தகராறு வந்தது, 2014 நவம்பரில் கதவைச் சாத்தினார்கள். திருமண வயதில் வேலைக்குச் சேர்ந்த பெண்கள் கையில் ஒரு தொகையோடு ஊர் திரும்பினார்கள். மறைமலை நகர் போர்டு கம்பெனி 2021-ல் போவதாக அறிவித்து 2022-ல் உற்பத்தியை நிறுத்திற்று. ஆலைக்கு வேர் கிடையாது தோழர்களே. வேர் உள்ளவன் தொழிலாளிதான்.

உளுந்தூர்பேட்டைச் செருப்பு ஆலை

இனி நம் வாசலுக்கே வந்த விஷயம். 2023 ஏப்ரல் 17-ந் தேதி தைவானின் பௌ சென் குழுமத்தோடு தமிழ்நாட்டு சர்க்கார் ஒப்பந்தம் செய்தது. உளுந்தூர்பேட்டை சிப்காட்டில், 2,302 கோடி ரூபாயில், பன்னிரண்டு வருஷத்தில் 20,000 பேருக்கு வேலை தரும் தோலில்லாப் பாதரட்சை ஆலை. நைக்கி, அடிடாஸ் போன்ற பெரிய முத்திரைகளுக்குச் செய்து கொடுக்கிற உலகத்தின் மிகப் பெரிய ஸ்தாபனம் அது.

இதை நாம் எதிர்க்கப் போகிறோமா? இல்லை. இந்த ஜில்லாவில் தொழில் என்று சொல்ல என்ன இருக்கிறது? மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் இரண்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள், அரிசி ஆலைகள், 2021-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் மரச் சிற்பிகளின் பட்டறைகள். அவ்வளவுதான். பெண் பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் விடுதி தேடிப் போகிறார்கள். 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்ததே, அதற்குப் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன்மலை ஜனங்களின் வாழ்க்கை நிலைமையை விசாரித்தது. வேலையில்லாக் கொடுமையை இத்தனை அருகில் பார்த்த நாம், வேலை வருவதை வேண்டாம் என்று சொல்ல மாட்டோம்.

ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு வரவேற்போம். இதே குழுமத்தைச் சேர்ந்த சீனத்து டோங்குவான் ஆலையில் 2014 ஏப்ரலில் சுமார் 40,000 தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். எதற்கு? சமூகக் காப்பீட்டுக்கு நிர்வாகம் கட்ட வேண்டிய பங்கைக் குறைத்துக் கட்டியதற்காக. நம்முடைய பி. எப். மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2015-ல் வியத்நாமில் ஹோ சி மின் நகரத்தில் இதே குழுமத்து ஆலையில் பல்லாயிரம் பேர் வெளியே வந்தார்கள். அங்கே சண்டை கம்பெனியோடு அல்ல, காப்பீட்டுப் பணத்தை மொத்தமாக எடுக்கும் உரிமையை நீக்கிய புதிய சட்டத்தோடு. சர்க்கார் அந்தச் சட்டத்தைத் திருத்த இசைந்தது. நம் கொள்கை பேசும் சர்க்காராக இருந்தாலும் தொழிலாளி தன் குரலை எழுப்பித்தான் ஆக வேண்டியிருந்தது என்பதை இங்கே மூடி மறைக்காமல் சொல்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். 2,302 கோடியை 20,000 பேருக்குப் பங்கிட்டால் ஒரு வேலைக்கு பதினொன்றரை லட்சம் ரூபாய் மூலதனம். கார் ஆலையோடு ஒப்பிட்டால் இது சொற்பம். யந்திரத்தைவிடக் கை வேலை அதிகம் என்று அர்த்தம். அதாவது அவர்களுடைய லாபம் நம் பெண்களின் விரல் வேகத்தில் இருக்கிறது. மூலப்பொருள் வெளியிலிருந்து வந்து, இங்கே ஒட்டித் தைத்து, வெளியே போனால், நாட்டுக்கு நிற்பது கூலி மட்டும்தான். ஏற்றுமதிக் கணக்கில் செருப்பின் முழு விலையும் ஏறும். அமைச்சர்கள் அதைக் காட்டிக் கை தட்டுவார்கள். அந்தக் கூலியும் குறைவாக இருந்தால் நிற்பது என்ன?

2024 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் நின்றார்கள். கூலி உயர்வு ஒரு பக்கம் இருக்கட்டும், சங்கத்தைப் பதிவு செய்து கொடுங்கள் என்பதே அவர்கள் முதல் கோரிக்கை. நீதிமன்றம் வரை போன பிறகு 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. சங்கம் வைக்கும் உரிமை 1926-ம் வருஷச் சட்டத்திலேயே இருந்த உரிமை! அன்னிய மூலதனம் பயந்து ஓடிவிடும் என்று நம் அதிகாரிகளே அதைத் தடுத்து வைக்கிறார்கள்.

ஆகவே உளுந்தூர்பேட்டையில் முதல் நாளிலிருந்தே நாம் கேட்க வேண்டியது இவை. நிலம், வரிச் சலுகை, மின் கட்டணச் சலுகை எவ்வளவு என்று ஒப்பந்தத்தைப் பகிரங்கமாக வையுங்கள். வேலை நிரந்தரமா, ஒப்பந்தக் கூலியா என்று சொல்லுங்கள். கல்வராயன்மலைப் பெண்களுக்கு இத்தனை இடம் என்று ஒதுக்குங்கள், வெள்ளிமலையிலிருந்து விடியற்காலையில் பஸ் விடுங்கள். அட்டைப் பெட்டி, நூல், துணி, சமையல் என்று உள்ளூரில் கிடைப்பதை உள்ளூரில் வாங்குங்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் வெளியேறினால் பெற்ற சலுகையைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று எழுதுங்கள். இது முடியாத காரியமில்லை. கடன் வாங்கிய விவசாயி டிராக்டரை விற்றுவிட்டு ஓடினால் பாங்கி விடுகிறதா?

ஒரு கேள்வி

கூட்டம் தொடங்குமுன் கரியாலூர்ப் பக்கத்து மலைத் தோழர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "செருப்பு ஆலை கீழே வருது, சரிங்க தோழர். நம்ம கிழங்குக்கு என்ன வழி?" இந்தக் கேள்விதான் இன்றைக்கு எனக்குப் பிடித்த கேள்வி.

ஜவ்வரிசி நம் நாட்டுத் தொழில் ஆன கதையைக் கேளுங்கள். யுத்தத்துக்கு முன் ஜவ்வரிசி மலேயாவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் கப்பலில் வந்தது. 1942-ல் ஜப்பான்காரன் அந்த நாடுகளைப் பிடித்தான், கப்பல் நின்றது. 1943-ல் சேலத்தில் மாணிக்கம் செட்டியார் என்பவர், பினாங்கிலிருந்து வந்த ஒருவரிடம் செய்முறை கேட்டு, நம் குச்சிக்கிழங்கிலேயே ஜவ்வரிசி செய்ய ஆரம்பித்தார். கையால் அரைத்து, துணியில் குலுக்கி, வாணலியில் வறுத்த குடிசைத் தொழில் அது. யுத்தம் முடிந்து மறுபடியும் அன்னியச் சரக்கு வரத் தொடங்கியபோது உற்பத்தியாளர்கள் சங்கம் கூடி சர்க்காரோடு வழக்காட வேண்டியிருந்தது. அன்று பாதுகாப்புக் கேட்டு நின்றதால்தான், இன்று நாடு முழுவதும் விரத நாளில் சாப்பிடும் ஜவ்வரிசியில் பெரும் பகுதி சேலம் வட்டாரத்திலிருந்து போகிறது. 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. ஆலைக்காரர் தங்கள் சரக்கை அங்கே வைத்து ஏலத்தில் விற்கிறார்கள், அதன் பேரில் கடனும் பெறுகிறார்கள்.

அதாவது ஆலைக்காரருக்குக் கூட்டுறவு உண்டு. கிழங்கு போடுகிறவனுக்கு இல்லை. ஜவ்வரிசிக்கு ஏலம் உண்டு. கிழங்குக்குத் தரகன். மாவுச்சத்து ஏற்றுமதியில் தாய்லாந்து முதலிடத்தில் இருக்கிறது. நாளைக்கு அந்தச் சரக்குக்குக் கதவு திறந்தால் முதலில் அடி விழுவது ஆத்தூர் ஆலைக்கு அல்ல, வெள்ளிமலைச் சரிவில் கரணை ஊன்றியவனுக்கு.

எனவே மலைத் தோழருக்கு என் பதில் இது. வெள்ளிமலையில் சர்க்கார் செலவில் ஒரு எடை மேடை, ஒரு பாயிண்ட் மீட்டர், கிழங்கு சீவி உலர்த்த ஒரு களம், பழங்குடி விவசாயிகள் பெயரிலேயே ஒரு கூட்டுறவுச் சங்கம், கரணை ஊன்றும்போது முன்பணமாகக் கூட்டுறவுக் கடன். மீட்டர் மலையிலேயே இருந்தால், லாரி ஏறுமுன் தன் கிழங்கு எத்தனை பாயிண்ட் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். இரண்டாயிரம் கோடி தேவையில்லை. ஒரு அமைச்சர் முதலீடு தேடி வெளிநாடு போய்வரும் செலவில் மீட்டரும் எடை மேடையும் வந்துவிடும். (கைதட்டல்)

மே 1-ந் தேதி கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைக்க மனு ஒன்று தயாராக இருக்கிறது. வாசலில் மேஜை போட்டிருக்கிறார்கள். மலையிலிருந்து வந்தவர்கள் கடைசி பஸ்ஸுக்குப் போக வேண்டும், ஆகையால் அவர்கள் முதலில் கையெழுத்துப் போடட்டும். மற்றவர்களுடைய கேள்விகளை டீ குடித்த பிறகு எடுத்துக்கொள்கிறேன்.